மிருதங்கம் கற்றவர் ப்ரோக்ரெசிவ் மெட்டலை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

கேட்டவர் பல ஆண்டுகள் முறையாக மிருதங்கம் பயின்றவர். வேலைக்காக அண்மையில் பெங்களூருக்கு வந்திருக்கிறார். கனமான கிதார் ஒலியில் சிக்கலான தாளங்களோடு நீண்டு செல்லும் ராக் வகையான ப்ரோக்ரெசிவ் மெட்டலில் (சுருக்கமாக ப்ராக் மெட்டல்) ட்ரீம் தியேட்டர், டூல், மெஷுகா ஆகிய குழுக்களை அலுவலக நண்பர்கள் கொண்டாடுவதைக் கண்டு தாமும் கேட்டுப் பார்த்திருக்கிறார். “கணக்கு புரிகிறது, ஆனால் கணக்கைத் தாண்டி எதுவும் மனத்தைத் தொடவில்லை. கல்லூரிக் காலத்திலிருந்து இதையே கேட்டுவரும் உங்களை எது பிடித்து வைத்திருக்கிறது? இதில் உணர்ச்சி என்று ஒன்று உண்டா? நான் எங்கிருந்து தொடங்க வேண்டும், என் மிருதங்கப் பயிற்சி இதற்கு உதவுமா?” என்று கேட்கிறார்.

கணக்கு புரிந்தும் பாட்டு தொடவில்லை என்பது நியாயமான குறை. தனி ஆவர்த்தனத்தில் கோர்வை (அளந்து அமைத்த முடிவுச் சொற்கட்டு) துல்லியமாகச் சமத்தில் (தாளச் சுற்றின் தொடக்க அடியில்) வந்து இறங்கியும் மனம் அசையாமல் உட்கார்ந்திருந்த கச்சேரிகள் உங்களுக்கும் நினைவிருக்கும். அதே கோர்வை வேறொருவர் கையில், அன்றைய பாட்டின் போக்கிலிருந்தே முளைத்ததுபோல வந்து, கேட்பவரை நிமிர்ந்து உட்கார வைத்ததும் நினைவிருக்கும். ப்ராக் மெட்டலில் நல்லதையும் வெறும் சாதகத்தையும் பிரித்துப் பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் இந்த வேறுபாடுதான். நான்காவது, ஐந்தாவது முறை கேட்கும்போது எண்ணிக்கை பின்னுக்குப் போய்ப் பாட்டு முன்னுக்கு வர வேண்டும். அப்படி வராத பாட்டு, எவ்வளவு கடினமாக இருந்தாலும், எனக்கு வேண்டாம். அப்படி வரும் பாட்டுகள் போதுமான அளவு இருப்பதால்தான் நான் இன்னும் இங்கே இருக்கிறேன்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1969இல் இங்கிலாந்தின் கிங் கிரிம்சன் தன் முதல் ஆல்பத்தில் ராக் இசைக்குள் ஜாஸ் போக்கையும் நீண்ட வடிவங்களையும் கொண்டுவந்தது; அடுத்த ஆண்டே பர்மிங்காமிலிருந்து பிளாக் சபாத் கனமான கிதார் ஒலியைக் கொண்டுவந்தது. இந்த இரண்டு ஓட்டங்களும் சேரும் இடத்தில் நிற்பது கனடாவின் ரஷ் என்ற மூவர் குழு. 1976இல் வந்த அவர்களுடைய ‘2112’ ஆல்பத்தில் ஒரு பக்கம் முழுவதும் ஒரே பாட்டு. 1980களில் அமெரிக்காவில் ஃபேட்ஸ் வார்னிங், குவீன்ஸ்ரைக், டெக்சாஸின் வாட்ச்டவர் ஆகிய குழுக்கள் இதை முழுமையான மெட்டலாக ஆக்கின. 1985இல் பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஜான் பெட்ரூச்சி, ஜான் மையுங், மைக் போர்ட்னாய் மூவரும் ‘மெஜஸ்டி’ என்ற பெயரில் தொடங்கிய குழுதான் பின்னர் ட்ரீம் தியேட்டர் ஆனது. 1992இல் வந்த அவர்களுடைய ‘இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்’ இந்த வகையை உலகமெங்கும் கொண்டுசென்றது. எட்டு நிமிடத்துக்கும் மேல் ஓடி, முடிவில் பாதிச் சொல்லில் வெட்டியதுபோல நின்றுவிடும் ‘புல் மீ அண்டர்’ அந்த ஆல்பத்தின் முதல் பாட்டு. பிரிகேட் சாலையில் வாங்கிய வெற்று ஒலிநாடாவில் நண்பர் ஒருவர் அதைப் பதிவு செய்து கொடுத்தார். முதல் முறை கேட்டபோது நாடா அறுந்துவிட்டது என்றே நினைத்தேன்.

இனி உங்களுக்கு நன்றாகத் தெரிந்த இடமான தாளத்துக்கு வருகிறேன். டூல் குழுவின் ‘லேட்டராலஸ்’ 2001இல் வந்த ஆல்பம். அதில் ‘ஸ்கிஸம்’ என்றொரு பாட்டு. ஜஸ்டின் சான்செலர் பேஸ் கிதாரில் வாசிக்கும் அடிப்படை வரி 5/8, 7/8 என்று மாறி மாறி வருகிறது. நம் மொழியில் சொன்னால் ஐந்தான கண்டமும் ஏழான மிஸ்ரமும் அடுத்தடுத்து. இரண்டையும் கூட்டினால் 12. ஒரு சுற்றாகப் பார்த்தால் எந்தக் கோணலும் இல்லாத முழு எண். ஆனால் உள்ளே இருக்கும் இரண்டு பகுதிகளும் ஒன்றுக்கொன்று சமமில்லாதவை. பாட்டின் பொருளோ, ஒரு காலத்தில் ஒன்றாக இருந்த இருவருக்கிடையே பேச்சு அறுந்துபோய் உறவு பிளந்து கிடப்பது. முழுமைக்குள் ஒட்டாத இரண்டு பாதிகள் என்ற அந்த நிலையைச் சொற்கள் வருவதற்கு முன்பே தாளம் சொல்லிவிடுகிறது. இதை எண்ணிக் கண்டுபிடிப்பது உங்களுக்கு ஒரு நிமிட வேலை. எண்ணாமல் விட்டுவிட்டு, ஐந்து முடியும் இடத்தில் ஒரு சிறு தடுமாற்றமும் ஏழு முடியும் இடத்தில் ஒரு சிறு ஆறுதலும் உண்டாவதைக் கவனித்துப் பாருங்கள். அந்தத் தடுமாற்றம்தான் பாட்டு.

அதே ஆல்பத்தின் தலைப்புப் பாட்டைப் பற்றிப் பலரும் பேசுவது, முந்தைய இரண்டு எண்களின் கூட்டே அடுத்த எண்ணாகும் ஃபிபொனாச்சி வரிசையைப் பற்றியே. பாடகர் மேனார்ட் ஜேம்ஸ் கீனனின் வரிகளில் அசைகளின் எண்ணிக்கை 1, 1, 2, 3, 5, 8 என்று ஏறி, பிறகு இறங்குகிறது என்பது உண்மை. ஆனால் உங்களுக்கு அதைவிடச் சுவையான ஒன்று அங்கே இருக்கிறது. பல்லவிபோலத் திரும்பி வரும் பகுதியின் தாளம் 9/8, 8/8, 7/8 என்று ஒவ்வொன்றாகக் குறைகிறது. 987 என்ற எண்ணும் அந்த வரிசையில் உள்ளதுதான் என்பதை இணையமெங்கும் எழுதியிருக்கிறார்கள். நான் கேட்கும்போது எனக்குத் தோன்றுவது, பசுவின் வால்போல அளவு வரவரக் குறுகும் கோபுச்ச யதி. சங்கீர்ணம், சதுஸ்ரம், மிஸ்ரம் என்று அளவு சுருங்கிக்கொண்டே போய் மறுபடி அகன்று தொடங்கும்போது, ஒவ்வொரு சுற்றும் கேட்பவரைச் சற்று முன்னே தள்ளிவிடுகிறது. சுழல் ஒன்றில் ஏறிக்கொண்டே போக வேண்டும் என்பதே அந்தப் பாட்டின் அறைகூவல். தாளம் அந்தச் சுழலை உடம்பில் நிகழ்த்திக் காட்டுகிறது. இந்தக் குழுவின் ட்ரம்ஸ் கலைஞர் டேனி கேரி, அலோக் தத்தா என்ற ஆசிரியரிடம் தபலா பயின்றவர். மற்ற ராக் ட்ரம்ஸ் கலைஞர்கள் வேகத்தை நாடும் இடங்களில் அவர் சொல்லின் தெளிவை நாடுவதற்கு அந்தப் பயிற்சி ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

மெஷுகாவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் உங்கள் ‘வெறும் கணக்கு’ என்ற குறை பெரும்பாலும் அவர்களைக் கேட்டதால் வந்திருக்கும். ஸ்வீடனின் வடபகுதியில் உள்ள உமியோ நகரத்துக் குழு அது. 1998இல் வந்த ‘கேயோஸ்ஃபியர்’ ஆல்பத்தில் ‘நியூ மில்லெனியம் சயனைட் கிறைஸ்ட்’ என்ற பாட்டின் முதன்மை ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் சொற்கட்டு, 23 மாத்திரை நீளமுள்ளது. கிதாரும் பேஸ் ட்ரம்மும் அந்த 23ஐ வாசிக்க, ட்ரம்ஸ் கலைஞர் தோமாஸ் ஹாக்கேயின் கைகள் சிம்பலிலும் ஸ்னேரிலும் நேரான நான்கை விடாமல் பிடித்திருக்கின்றன. 23ஐ ஐந்து முறை வாசித்தால் 115. அதன்பின் அதே சொற்கட்டை 13 மாத்திரையில் நறுக்கிவிட்டால் 128. சதுஸ்ர நடையில் (அடிக்கு நான்கு மாத்திரை) எட்டடி ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம், அதாவது ஒரு சுற்று, 32 மாத்திரை. நான்கு ஆவர்த்தனம் சரியாக 128. தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டே நீங்கள் அந்தப் பாட்டைக் கேட்கலாம். நான்காவது ஆவர்த்தனத்தின் முடிவில் எல்லாம் ஒன்றுசேர்ந்து சமத்தில் விழுவதைக் கேட்டதும் முகத்தில் தானாகவே ஒரு சிரிப்பு வரும்.

ஆனால் ஒற்றுமையைவிட வேற்றுமையே எனக்கு முக்கியமாகப் படுகிறது. மிருதங்க வித்துவான் கோர்வையை அமைக்கும்போது அதன் ஒவ்வொரு அங்கத்தையும், இடையே விடும் கார்வையையும், முடியும் இடத்தை முன்வைத்தே அளந்து அமைக்கிறார். நெடுந்தூரம் விலகிச் சென்றவர் கடைசியில் வீடு திரும்புகிறார் என்ற நிறைவு கேட்பவருக்குக் கிடைக்கிறது. மெஷுகாவிடம் அந்த வீடு திரும்புதல் இல்லை. 23 என்ற அளவு தன்னால் பொருந்த முடியாத ஒரு சுவரில் மீண்டும் மீண்டும் மோதுகிறது. கடைசியில் அதை நறுக்கித்தான் உள்ளே அடைக்க வேண்டியிருக்கிறது. நறுக்கிய உடனே அது மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடுகிறது. கோர்வை முடிவை அலங்கரிக்கிறது. இங்கேயோ முடிவற்ற தரையாகவே கணக்கு விரிக்கப்பட்டிருக்கிறது. இயந்திரத்துக்குள் சிக்கிய மனிதன், தன் விருப்பத்தை மீறி இயங்கும் உடல் என்று அவர்கள் எழுதும் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான தாள அமைப்பு இருக்க முடியாது. ஆகவே அங்கே நிறைவை எதிர்பார்த்துக் கேட்டால் ஏமாற்றமே மிஞ்சும். நிம்மதியின்மையை எதிர்பார்த்துக் கேளுங்கள். அப்போது 2008இல் வந்த ‘ஆப்ஸென்’ ஆல்பத்தின் ‘பிளீட்’ பாட்டில் ஏழு நிமிடத்தின் பெரும்பகுதியில் கால்களால் ஓடும் அந்தப் பேஸ் ட்ரம் உங்களை உலுக்கிவிடும்.

உணர்ச்சி உண்டா என்ற கேள்விக்கு இதிலேயே பாதி விடை வந்துவிட்டது என்றாலும், நேரடியாகவும் சொல்கிறேன். ட்ரீம் தியேட்டரின் ட்ரம்ஸ் கலைஞர் மைக் போர்ட்னாயின் தாயார் விமான விபத்தில் இறந்தார். அந்த இழப்பிலிருந்து அவர் எழுதியதுதான் 1995இல் வெளிவந்த ‘எ சேஞ்ச் ஆஃப் சீசன்ஸ்’. 23 நிமிடம் ஓடும் ஒரே பாட்டு. பருவங்கள் மாறுவதும் பிள்ளை தாயை இழப்பதும் பிறகு தானே தந்தையாக நிற்பதும் அதில் வருகின்றன. அவரே பின்னாளில் மதுப்பழக்கத்திலிருந்து மீண்ட தன் அனுபவத்தை ஐந்து ஆல்பங்களில் ஐந்து பாட்டுகளாக, 2002 முதல் 2009 வரை, ஒன்றின் ரிஃப்பும் சொல்லும் இன்னொன்றில் திரும்பி வரும்படி எழுதினார். ஒரு பழக்கத்திலிருந்து மீள்வது ஒரே நாளில் நடப்பதில்லை. அதைச் சொல்லும் பாட்டும் ஒரே ஆல்பத்தில் முடியவில்லை. அந்தப் பாட்டுகளை வெளிவந்த காலத்திலேயே ஒவ்வொன்றாகக் கேட்டு, அடுத்ததற்குக் காத்திருந்த எங்களைப் போன்றவர்களுக்கு, பழைய ரிஃப் ஒன்று புதிய பாட்டின் நடுவே தலைகாட்டும்போது உண்டாகும் உணர்வைக் கணக்கு என்று சொல்ல மனம் வராது.

இன்னும் கூர்மையான சான்று ஸ்வீடனின் பெயின் ஆஃப் சால்வேஷன் குழு. 2002இல் வந்த அவர்களுடைய ‘ரெமடி லேன்’ ஆல்பத்தில் ‘எ ட்ரேஸ் ஆஃப் பிளட்’ என்ற பாட்டு, பாடகர் டேனியல் கில்டன்லோவ் கருச்சிதைவில் இழந்த குழந்தையைப் பற்றிப் பாடுவது. துயரப் பாட்டு என்றால் மெதுவாக இருக்க வேண்டும் என்ற வழக்கத்தை அது பின்பற்றவில்லை. வேகமாக, சீரற்ற அடிகளில், மூச்சு வாங்க ஓடுகிறது. மருத்துவமனையில் காத்திருக்கும் ஒருவனின் நெஞ்சு அப்படித்தான் அடித்துக்கொள்ளும். நான் அந்தப் பாட்டின் தாளத்தை எண்ணிப் பார்க்கவே இல்லை, எண்ணத் தோன்றவில்லை. என் அளவுகோலுக்கு அதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இந்த இசையின் மற்றொரு பெரும் பேறு அதன் நீளம். மூன்று நிமிடப் பாட்டில் ஒரு மெட்டு திரும்பி வந்தால் அது நினைவூட்டல் மட்டுமே. எழுபது நிமிடம் கழித்துத் திரும்பி வந்தால், இடையே நடந்த அனைத்தையும் சுமந்துகொண்டு வருகிறது. ட்ரீம் தியேட்டரின் ‘மெட்ரோபோலிஸ்’ இரண்டாம் பாகம், 1999இல் வந்தது, 77 நிமிடத்தில் ஒரே கதையைச் சொல்கிறது. நிக்கலஸ் என்பவன் ஹிப்னாடிச மயக்கத்தில் தன் முற்பிறவியைத் தேடிச் செல்கிறான்; 1928இல் கொலையுண்ட விக்டோரியா என்ற பெண்ணின் வாழ்வு அவன் கண்முன் விரிகிறது. நடுவே ‘தி டான்ஸ் ஆஃப் இடர்னிட்டி’ என்ற வாய்ப்பாட்டில்லாப் பகுதி, சுமார் ஆறு நிமிடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தாள மாற்றங்களுடன் வருகிறது. அதைத் தனியே எடுத்து ‘பாருங்கள், எவ்வளவு கடினம்’ என்று நண்பர்கள் உங்களுக்குக் காட்டியிருப்பார்கள். அங்கேதான் தவறு நடக்கிறது. கதையில் அந்தப் பகுதி கொலையின் உண்மை புரியப்போகும் விளிம்பில் நிற்கிறது. முன்பு கேட்ட மெட்டுகள் எல்லாம் உடைந்த துண்டுகளாக அதற்குள் சிதறிக் கிடக்கின்றன. முந்தைய பாட்டுகளைக் கேட்காதவருக்கு அவை வெறும் துண்டுகள். கேட்டவருக்கு ஒரு மனம் குழம்பிச் சிதறும் காட்சி. ராகம் தானம் பல்லவியில் ராக ஆலாபனையை விட்டுவிட்டு நேரே பல்லவியின் திரிகாலத்தை மட்டும் கேட்டுவிட்டு யாராவது கருத்துச் சொன்னால் நாம் ஏற்றுக்கொள்வோமா?

உறுமல் குரல் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அது ஒரு தடையாக இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். அது தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்துவது அல்ல. உண்மையான குரல் நாண்களுக்கு மேலே உள்ள போலி நாண்களை அதிரவைத்து, மூச்சை அடக்கி ஆள்கிற நுட்பம் அது. முறையாகப் பயின்றவர்கள் பல பத்தாண்டுகள் அந்தக் குரலைக் காத்துவருகிறார்கள். அதன் நியாயத்தை எனக்குப் புரியவைத்தது ஸ்டாக்ஹோமின் ஓபெத் குழு. இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் துணையோடு பதிவுசெய்யப்பட்டு 2001இல் வெளிவந்த ‘பிளாக்வாட்டர் பார்க்’ ஆல்பத்தில், ஒரே பாட்டுக்குள் பாடகர் மிகேல் ஆக்கர்ஃபெல்ட் அடிவயிற்று உறுமலிலிருந்து மிக மென்மையான பாட்டுக்கு, மின்கிதாரிலிருந்து அகௌஸ்டிக் கிதாருக்கு, ஒரு மூச்சில் இறங்கிவிடுவார். உறுமல் இல்லாமல் அந்த மென்மை அவ்வளவு மென்மையாகக் கேட்காது. 2003இல் உறுமலே இல்லாத ‘டாம்னேஷன்’ என்ற ஆல்பத்தையும் அவர்கள் வெளியிட்டார்கள். தயக்கம் உள்ளவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். 2009இல் சென்னை ஐ.ஐ.டி.யில் ஓபெத் வாசித்தபோது பெங்களூரிலிருந்து இரவு ரயிலில் கூட்டமாகச் சென்றோம். உறுமலுக்கு ஆர்ப்பரித்த அதே கூட்டம், மெல்லிய பகுதி வந்ததும் ஒலியடங்கி நின்று கேட்டது. சபாவில் நல்ல ரசிகர்கள் காட்டும் அடக்கத்துக்கு அது எவ்விதத்திலும் குறைந்ததில்லை.

இந்த வகையின் குறைகளையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. வேகமே குறிக்கோளாகி, பாட்டு எழுதுவது இரண்டாம் வேலையாகிப்போன ஆல்பங்கள் ஏராளம். மெஷுகாவின் ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் பின்னிருந்த நிம்மதியின்மையை விட்டுவிட்ட குழுக்கள் 2010க்குப் பிறகு உலகெங்கும் பெருகின; ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிவதே கடினம். நான் நேசிக்கும் ட்ரீம் தியேட்டரே 2016இல் வெளியிட்ட ‘தி அஸ்டானிஷிங்’, 34 பகுதிகளாக இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடியும், எனக்கு ஒரு மெட்டைக்கூட மனத்தில் விட்டுச்செல்லவில்லை. நீளம் தானாகவே ஆழம் ஆகிவிடாது என்பதற்கு அது சான்று. பாடல் வரிகளும் பல இடங்களில் பலவீனமானவை. தமிழில் நல்ல பாடல்களைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது உறுத்தும். அந்த உறுத்தலை நான் மறுக்க மாட்டேன்.

பெங்களூரில் இருப்பது உங்களுக்கு ஒரு நல்வாய்ப்பு. 2007 மார்ச்சில் அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் வாசித்தது முதல் இந்த ஊர் இந்திய மெட்டல் ரசிகர்களின் கூடுமிடமாகவே இருந்துவருகிறது. 2011இல் மெட்டாலிகாவும் அதே மைதானத்தில் வாசித்தது. இவை ப்ராக் குழுக்கள் அல்ல என்றாலும், சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்து அந்த மைதானங்களில் சந்தித்துக்கொண்ட தமிழ் ரசிகர்கள் பின்னர் ப்ராக் ஆல்பங்களைக் கைமாற்றிக்கொண்டார்கள். அல்சூரிலும் மல்லேஸ்வரத்திலும் வளர்ந்து, காலையில் பாட்டு வகுப்பும் மாலையில் கிதாரும் என்று இரண்டையும் கற்ற பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும். இந்தச் சேர்க்கை இந்த ஊருக்குப் புதிதல்ல. டி.ஏ.எஸ். மணியின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவும் பாடகி ஆர்.ஏ. ரமாமணியும் அமெரிக்க சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி மரியானோவுடன் சேர்ந்து வெளியிட்ட ‘ஜோதி’ ஆல்பம் 1983இலேயே வந்துவிட்டது. அதற்கும் முன்பே, 1970களின் நடுவில், ஆங்கிலேயக் கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லின், எல். சங்கர், விக்கு விநாயக்ராம், ஜாகிர் உசேன் ஆகியோருடன் ‘சக்தி’யைத் தொடங்கியிருந்தார்.

இன்று இங்கே அகம் என்ற குழு ஹரீஷ் சிவராமகிருஷ்ணனின் பாட்டோடு கர்நாடகக் கீர்த்தனைகளை ராக் அமைப்புக்குள் கொண்டுவருகிறது. 2012இல் அவர்களுடைய முதல் ஆல்பம் வந்தது. ப்ராஜெக்ட் மிஷ்ரம் இன்னும் ஒரு படி உள்ளே சென்று, தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலையும் வயலினையும் புல்லாங்குழலையும் கனமான மெட்டல் ரிஃப்புகளோடு பின்னுகிறது. உங்கள் காதுக்கு இந்த இரண்டாவது குழுவே நெருக்கமாக இருக்கும் என்பது என் கணிப்பு. கேரளத்தின் மதர்ஜேன் 2008இல் வெளியிட்ட ‘மக்தூப்’ ஆல்பத்தில் பைஜு தர்மஜன் மின்கிதாரில் கமகங்களை இழைத்திருப்பதையும், டெல்லியின் ஸ்கைஹார்பர் 2012இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தையும் விட்டுவிடாதீர்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், ‘லேட்டராலஸ்’ ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள் என்பேன். அதன் வேகம் நிதானமானது; ஒவ்வொரு அடியும் தெளிவாகக் கேட்கும்; உங்கள் பயிற்சி உடனே கைகொடுக்கும். அதன்பின் ‘இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்’. அதில் ‘லேர்னிங் டு லிவ்’ என்ற கடைசிப் பாட்டைத் தவறாமல் முழுதாகக் கேளுங்கள். பிறகு ‘டாம்னேஷன்’, அதைத் தொடர்ந்து ‘பிளாக்வாட்டர் பார்க்’, பிறகு ‘மெட்ரோபோலிஸ்’ இரண்டாம் பாகம், ‘ரெமடி லேன்’ என்று போகலாம். மெஷுகாவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆல்பத்தையும் துண்டு துண்டாகக் கேட்க வேண்டாம். வெளிவட்டச் சாலையில் அலுவலகப் பேருந்தில் நாள்தோறும் போகும் நேரம் ஒரு முழு ஆல்பத்துக்குப் போதுமானது. நான் பல ஆல்பங்களை மனப்பாடம் ஆகும் அளவுக்குக் கேட்டது அப்படித்தான். ஆனால் கைப்பேசியின் ஒலிபெருக்கியில் மட்டும் கேட்காதீர்கள். மெஷுகாவின் எட்டுக் கம்பிக் கிதாரின் கடைசிக் கம்பி வினாடிக்கு ஐம்பதுக்கும் குறைவான அதிர்வுகளில் ஒலிக்கிறது. பேஸ் ட்ரம்மும் அதே ஆழத்தில்தான் பேசுகிறது. சிறிய ஒலிபெருக்கியால் அதை வெளியிட முடியாது. சொற்கட்டு முழுவதும் அந்த அடித்தளத்தில் இருப்பதால், அது கேட்காதபோது மேலே இரைச்சல் மட்டுமே மிஞ்சும். அது உங்கள் மனத்தைத் தொடாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நல்ல ஹெட்ஃபோன் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

மிருதங்கப் பயிற்சி உதவுமா என்றால், கேட்பதற்கு மிகவும் உதவும். வாசிக்க விரும்பினால் பாதி தூரம் உதவும். ஐந்தையும் ஏழையும் ஒன்பதையும் நீங்கள் எண்ணாமலேயே உணர்வீர்கள். மேற்கத்திய மாணவர்கள் இதற்காகப் படும் பாடு உங்களுக்கு இல்லை. ஆனால் மிருதங்கத்தில் இரண்டு கைகளும் ஒரே சொல்லைப் பேசுகின்றன. ட்ரம்ஸில் வலக்கை ஒரு கணக்கிலும் கால் வேறொரு கணக்கிலும் இருக்க, இடக்கை மூன்றாவதொரு வேலையைச் செய்ய வேண்டும். இந்தப் பிரிவினையை உடம்புக்குப் பழக்கத் தனியே காலம் ஆகும். உங்களிடம் ஏற்கெனவே உள்ள கருவியிலிருந்தே தொடங்குங்கள்: வாயில் கொன்னக்கோலாக ‘தகிட தகதிமி’ என்று ஏழைச் சொல்லிக்கொண்டு, வலக்காலால் நேராக நான்கைத் தட்டுங்கள். கால் மாறாமல், ஏழு அதன்மேல் நகர்ந்து சென்று, ஏழு நான்கடிச் சுற்றுகள் முடியும்போது இரண்டும் ஒன்றுசேர வேண்டும். அது தடுமாறாமல் வந்ததும் ஏழுக்குப் பதிலாக மெஷுகாவின் 23ஐ எடுத்துக்கொண்டு, ஐந்து முறை சொல்லி, ஆறாவது முறை 13இல் நிறுத்துங்கள். அதன்பின் ட்ரம்ஸ் ஆசிரியரைத் தேடலாம். இந்த ஊரில் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். முதல் நாளே, தாளம் தெரியும், கால் பழக்கமும் கைகளைப் பிரிக்கும் பழக்கமும்தான் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அப்போதுதான் அவர் உங்களுக்குத் தெரிந்ததையே மறுபடி சொல்லிக்கொடுத்து மாதங்களைக் கழிக்க மாட்டார்.